பாத்திமாவில் சூரியன் ஆடியதா? ஒரு நிகழ்வு ஆய்வு

நெல்லைச் சீமையில் கத்தோலிக்கர்கள் இருக்கிற எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், பாளையங்கோட்டையோ வடக்கன்குளமோ உவரியோ, ஏதாவது ஒரு கெபியில், அதாவது குகை போலக் கட்டிய சிறு கோவிலில், மூன்று பிள்ளைகள் முழந்தாளிட்டிருக்க எதிரே மாதா நிற்கிற சுரூபம் (சிலை) இருக்கும். பாத்திமா மாதா. ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கதையின் கடைசிக் கட்டம் தெரியும். பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க சூரியன் ஆடியது, சுழன்றது, பூமியை நோக்கி விழுந்து வந்தது, திரும்பப் போய்விட்டது.

இதைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேச்சு வந்தால் இரண்டே வகையில்தான் போகும். ஒரு பக்கம், இத்தனை பேர் பார்த்ததை எப்படி இல்லை என்பாய் என்று கேட்பார்கள். மறுபக்கம், எல்லாம் கூட்ட மனப்பிரமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இரண்டு பேருமே அன்றைக்கு என்ன நடந்தது என்பதற்குள் போவதில்லை என்பதுதான் என் வருத்தம். போனால் அங்கே யோசிக்க நிறைய இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூரியன் ஆடவில்லை. ஆனால் அந்த ஜனங்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குப் பித்தும் பிடிக்கவில்லை. அவர்கள் பார்த்ததில் பெரும்பகுதிக்குக் கண்ணிலும் மேகத்திலும் விளக்கம் இருக்கிறது. விளக்கம் சரியாகப் பொருந்தாத இடங்களும் உண்டு, அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நடந்தது

போர்ச்சுக்கலில், லிஸ்பனுக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பாத்திமா என்ற சிற்றூர். பக்கத்தில் கோவா த இரியா என்ற மேய்ச்சல் நிலம். 1917 மே 13 அன்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகள், பத்து வயது லூசியா, அவளுடைய மாமன் அத்தை வழிச் சொந்தமான பிரான்சிஸ்கு, ஜசிந்தா என்ற அண்ணனும் தங்கையும், ஒரு பெண்மணியைக் கண்டதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு மாதமும் 13-ஆம் தேதி அதே இடத்துக்கு வரச் சொன்னாள் என்றார்கள். கூட்டம் மாதத்துக்கு மாதம் பெருகியது. ஜூலையில், அக்டோபர் மாதம் எல்லோரும் நம்பும்படி ஓர் அற்புதம் நடக்கும் என்று அந்தப் பெண்மணி வாக்குக் கொடுத்ததாக லூசியா சொன்னாள்.

காலம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1910-ல் மன்னராட்சி போய்க் குடியரசு வந்திருந்தது, அந்த அரசுக்கும் திருச்சபைக்கும் ஆகவே ஆகாது. 1916-லிருந்து போர்ச்சுக்கலும் உலகப் போரில் இருந்தது, வீட்டுப் பையன்கள் போர்முனையில். ஆகஸ்ட் 13 அன்று அந்தப் பகுதி அதிகாரி பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய் ஔரேம் ஊரில் வைத்து மிரட்டிப் பார்த்தார். பிள்ளைகள் மாற்றிச் சொல்லவில்லை. இந்தச் செய்தியெல்லாம் நாடு முழுக்கப் பரவியிருந்தது.

அக்டோபர் 13, சனிக்கிழமை. ராத்திரியிலிருந்து மழை. சேறும் சகதியுமாகக் கிடந்த அந்த நிலத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள். எத்தனை பேர் என்பதில் அன்றைக்கே ஒத்த கருத்து இல்லை: முப்பது நாற்பதாயிரம் என்று எழுதியவர் உண்டு, லட்சம் என்றவரும் உண்டு. நம் பக்கம் வழங்குகிற எழுபதாயிரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற எண். உச்சிப் பொழுதை ஒட்டி மழை நின்றது, மேகம் விலகியது, சூரியன் தெரிந்தது. சூரியனைப் பாருங்கள் என்று லூசியா கத்தினாள்.

அடுத்த பத்து நிமிடத்தில் நடந்ததைப் பற்றி நமக்கு இருக்கிற ஆரம்பச் சாட்சியம் 'ஓ செக்குலோ' என்ற லிஸ்பன் நாளிதழில் அக்டோபர் 15 அன்று வந்தது. எழுதியவர் அவெலினோ டி அல்மெய்தா. திருச்சபைக்குச் சாதகமான பத்திரிகை இல்லை அது, அதே மனிதர் சம்பவத்தன்று காலை வெளியான கட்டுரையில் இதைக் கேலியாகத்தான் எழுதியிருந்தார். அவரே, சூரியன் மங்கிய வெள்ளித் தட்டுப் போல இருந்ததையும், கண் கூசாமல் பார்க்க முடிந்ததையும், அது நடுங்கித் திடீர் திடீரென்று அசைந்ததையும் எழுதினார். ஆடியது என்பது அங்கிருந்த ஜனங்களின் சொல் என்றும் குறித்தார். அவரோடு போன ஜூதா ருவா எடுத்த படங்களும் பிறகு அச்சில் வந்தன. வானத்தை அண்ணாந்து பார்க்கிற முகங்கள், முழந்தாளிட்டவர்கள், மடக்கிய குடைகள். விசித்திரமாக ஏதாவது செய்கிற சூரியன் எந்தப் படத்திலும் இல்லை.

1922-ல் மறைமாவட்ட விசாரணை தொடங்கியது. 1930 அக்டோபர் 13 அன்று பாத்திமா அடங்கிய லெய்ரியா மறைமாவட்டத்தின் ஆயர் (பிஷப்), பிள்ளைகள் கண்ட காட்சிகள் நம்பத் தகுந்தவை என்று அறிவித்தார். நம்பியே ஆக வேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, இது பலருக்கும் தெரிவதில்லை.

சூரியன் நிஜமாகவே அசைந்திருக்குமா?

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. சூரியன் இருந்த இடம் மாறியிருந்தால் பகலாக இருந்த பாதி உலகமும் பார்த்திருக்கும். லிஸ்பன் வானாய்வு நிலையத்தின் இயக்குநர் பிரெடரிக்கு ஊம், அப்படி ஒன்று நடந்திருந்தால் பதிவாகாமல் போகாது, எதுவும் பதிவாகவில்லை என்று அந்தப் பத்திரிகைக்கே சொன்னார். கிரகணமும் அன்றைக்கு இல்லை. அங்கே உச்சிப் பொழுது என்றால் நம்மூரில் பொழுது அடைகிற நேரம். கணக்குப் போட்டால் தாமிரபரணிக் கரையில் நின்றவர்களுக்குச் சூரியன் பொதிகை மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டோ இறங்கி முடித்தோ இருக்கும். மறுநாள் காலையில் வழக்கம் போல உதித்தது.

சுவாரசியமான விஷயம், வானாய்வு நிலையங்களில் பதிவு இல்லை என்ற இதே தகவலை 1930-ல் ஆயரும் தன் மடலில் எடுத்தாண்டார். எந்த நிலையமும் பதிவு செய்யவில்லை, ஆகவே இது இயற்கையானது அல்ல என்பது அவர் வாதம். ஒரே தகவல், இரண்டு பக்கமும் பயன்படுகிறது. ஆனால் அதிலிருந்து நேராகக் கிடைப்பது ஒன்றுதான்: நடந்தது வானவெளியில் இல்லை. பார்த்தவர்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் எங்கேயோ நடந்திருக்கிறது. அந்த நடுவில் இருப்பவை இரண்டு, காற்று மண்டலமும் கண்ணும்.

மனப்பிரமை என்ற சொல்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். தினமும் செபமாலை சொல்கிறவர், ஆகஸ்ட் வந்தால் கள்ளிகுளம் பனிமாதா திருவிழாவைத் தவற விடாதவர். அவரிடம் இந்த மனப்பிரமை பேச்சை எடுத்தால் கோபம் வந்துவிடும். "எல்லாருக்கும் ஒரே நேரத்துல, ஒரே மாதிரி கிறுக்கு புடிக்குமாடே? எந்த டாக்டர் புஸ்தகத்துல எழுதியிருக்கு, காட்டு பாப்போம்" என்பார்.

இந்த விஷயத்தில் நான் முழுக்க அண்ணாச்சி பக்கம். பிரமை என்றால் இல்லாததைப் பார்ப்பது. இவர்கள் பார்த்தது இருந்த சூரியனை. அது கண் கூசாமல் தெரிந்தது, ஓரம் மின்னியது, நிறம் மாறியது, நடுங்கியது. பித்து இல்லாத, படித்த, நம்பிக்கை இல்லாத ஆள்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். மனப்பிரமை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் விளக்கம் எதையும் தரவில்லை, அந்த ஏழை ஜனங்களை ஒரு படி இறக்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் "ஒரே மாதிரி" என்று அண்ணாச்சி சொல்வது சரியில்லை. சாட்சியங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. சிலர் சுழற்சியை மட்டும் சொல்கிறார்கள், சிலர் நிறங்களை மட்டும். நிறங்களின் வரிசை ஒத்துப்போகவில்லை. விழுந்து வந்ததைச் சொல்லாதவர்கள் உண்டு. ஒன்றுமே தெரியவில்லை என்று சொன்னவர்களும் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். வானத்தில் ஒரு பொருள் நிஜமாகச் சுழன்று நிறம் மாறினால் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கு இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது. அவரவர் கண்ணுக்குள் நடப்பதாக இருந்தால் வரும்.

கண்ணும் மேகமும்

சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், மலையிலிருந்து மெல்லிய மேகம் இறங்கி ஓடுகிறபோது சூரியன் வெறும் வெள்ளை வட்டமாகத் தெரியும், கூசாது. மேகம் ஒரு பக்கம் ஓட, சூரியன் எதிர்ப் பக்கம் ஓடுவது போல இருக்கும். மேகம் தடித்தும் மெலிந்தும் போகப் போக வெளிச்சம் கூடிக் குறையும், வட்டம் துடிப்பது போல இருக்கும். மழை விட்ட கையோடு மேகம் கலைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் அந்த வெள்ளித் தட்டு தோன்றியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மீதி கண்ணில். சாதாரணமாக நாம் யாரும் சூரியனை இரண்டு நொடிக்கு மேல் பார்ப்பதில்லை, கண் தானாகத் திரும்பிவிடும். மேகம் மறைத்ததால் அன்றைக்கு ஜனங்கள் நிமிடக் கணக்கில் இமைக்காமல் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் விழித்திரையில் சூரியன் விழுகிற இடத்தில் இருக்கிற கூம்பு செல்களின் நிறமி வெளுத்துப் போகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகைக் கூம்புகள் உண்டு, மூன்றும் ஒரே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, அதனால் அந்த இடத்தில் மஞ்சள், ஊதா, பச்சை என்று நிறம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பின்பிம்பம் தங்கும். ராத்திரி ஒரு பல்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தால் தெரிவதும் இதுவே. இப்போது சூரியனையே தொடர்ந்து பார்க்கிறீர்கள் என்றால், அந்த மங்கல் வட்டம் நிஜ வட்டத்தின் மேலேயே உட்காரும், நடு மங்கி ஓரம் மட்டும் ஒளிரும். கண் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை, நமக்குத் தெரியாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். நடுங்கும்போது பின்பிம்பமும் நிஜ வட்டமும் விலகிச் சேர்கின்றன, ஓரத்து ஒளி ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் தாவுகிறது. பார்க்கிறவருக்கு அது சுழற்சி.

பெல்ஜிய இயற்பியலாளர் ஒகுஸ்த் மெஸ்ஸன் இதைத்தான் விரிவாக எழுதினார். சூரியன் நம்மை நோக்கி வருவது போலத் தோன்றியதற்கும் அவர் காரணம் சொல்கிறார்: தூரத்தைக் கணிக்க வழியில்லாத ஓர் ஒளிவட்டத்தை மூளை பெரிதாக்கிக் காட்டும்போது, அது நெருங்கி வருவதாக நாம் உணர்கிறோம்.

இதற்கு எதிராக வைக்கப்படுகிற வலுவான சாட்சி அல்மெய்தா கரெட் என்ற வழக்கறிஞருடையது. (பத்திரிகைக்காரர் அல்மெய்தா வேறு, இவர் வேறு.) படித்தவர், நிதானமாக எழுதியிருக்கிறார். சுற்றிலும் எல்லாம் செவ்வந்திக்கல் போல ஊதா நிறமானபோது, விழித்திரைக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற சந்தேகம் அவருக்கே வந்திருக்கிறது. திரும்பி நின்று கண்ணை மூடி, கையாலும் பொத்தி, பிறகு திறந்து பார்த்தார். ஊதா அப்படியே இருந்தது. ஆகவே கண் கோளாறு இல்லை என்று முடிவு செய்தார். அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று தன் கண்ணையே சோதித்துப் பார்க்கத் தோன்றியிருக்கிறதே. ஆனால் சோதனை போதாது. வெளுத்த நிறமி முழுக்கத் திரும்பச் சில நிமிடங்கள் ஆகும், கொஞ்ச நேரம் பொத்துவதால் தீராது. அதே சமயம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பின்பிம்பம் சூரியன் விழுந்த சிறு இடத்தில்தான் இருக்கும், அவரோ மரம், மனிதர்கள், அடிவானம் எல்லாமே ஊதா என்கிறார். மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகள் சூரியனைச் சுற்றி நிற வளையம் போடுவது உண்டு, கண்ணுக்குள் சிதறிய ஒளி மொத்தப் பார்வையின் நிறத்தையும் கொஞ்சம் இழுப்பது உண்டு. இரண்டும் சேர்ந்தால் போதுமா? எனக்குப் பாதிதான் திருப்தி.

துணி காய்ந்த கணக்கு

நனைந்து தொப்பலாக இருந்த துணிமணி பத்து நிமிடத்தில் காய்ந்து மொறமொறவென்று ஆகிவிட்டது என்பது இந்தக் கதையில் மக்கள் மிகவும் விரும்பிச் சொல்கிற பகுதி. திருநெல்வேலிக்காரன் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டான். சுற்றிலும் மழை கொட்ட, வேதசர்மா காயப்போட்ட நெல் மட்டும் நனையாமல் இருந்தது என்பது நெல்லையப்பர் கோவிலின் தலபுராணம், இந்த ஊரே அந்தக் கதையின் மேல் நிற்கிறது.

அண்ணாச்சியும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நன்றாக நனைந்த உடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், கம்பளித் துணி என்றால் கூடவே இருக்கும். ஒரு லிட்டரை ஆவியாக்கக் கிட்டத்தட்ட 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். பத்து நிமிடம் என்பது 600 நொடி. வகுத்தால் நொடிக்கு 4,000 ஜூல், அதாவது ஆளுக்கு 4,000 வாட். ஆயிரம் வாட் கரண்ட் இஸ்திரிப் பெட்டி நாலை ஒருவர் உடம்பில் பத்து நிமிடம் வைத்தால் எவ்வளவோ அவ்வளவு வெப்பம். அக்டோபர் மத்தியான வெயில் ஒருவர் மேல் தருவது மிஞ்சிப் போனால் 500 வாட், பத்து நிமிடத்தில் நூறு நூற்றைம்பது மில்லி தண்ணீரைக் காய வைக்கலாம், காற்று அடித்தால் கொஞ்சம் கூட.

"அப்ப ஒண்ணு துணி முழுசா காயல, இல்லேன்னா ஜனம் வெந்து போயிருக்கணும்" என்றார் அண்ணாச்சி, அவரே. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாமி நெனச்சா சூடில்லாமலும் காய வைக்கலாம்லா" என்றும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, பதில் தேவையும் இல்லை. அங்கே போய்விட்டால் இயற்கை விளக்கம் உண்டா என்ற கேள்வியே முடிந்துவிடுகிறது. நான் பார்ப்பது, முழுசாகக் காய்ந்தது என்று யார் எப்போது சொன்னார்கள் என்பதை. நான் படித்த சாட்சியங்களில் இந்தப் பேச்சு அழுத்தமாக வருவது பல பத்தாண்டுகள் கழித்துச் சேகரித்தவற்றில்தான். இரண்டு நாளில் எழுதிய அல்மெய்தா, திருச்சபைக்குச் சாதகமில்லாத பத்திரிகையின் ஆள், ஆயிரக்கணக்கானவர்களின் துணி கண்முன்னே காய்ந்திருந்தால் அதை விட்டிருப்பாரா? மேலாக ஈரம் உலர்ந்திருக்கும், நிம்மதியாக இருந்திருக்கும், அந்த நிம்மதி நினைவில் வளர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மலைக்கு அந்தப் பக்கம்

என்னை முடிவுக்குத் தள்ளியது, பாத்திமாவில் இல்லாத சான்று. கண்ணும் மேகமும்தான் காரணம் என்றால் அது வேறு இடங்களிலும் நடக்க வேண்டும். நடந்திருக்கிறது. 1949 டிசம்பரில் ஜெர்மனியின் ஹெரோல்ட்ஸ்பாக் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் சூரியன் சுழல்வதைப் பார்த்தார்கள். அங்கே நடந்த மாதா காட்சிகளை உண்மை அல்ல என்று திருச்சபையே தள்ளிவிட்டது. 2009 அக்டோபரில் அயர்லாந்தின் நாக் திருத்தலத்தில் கூடியவர்கள் சூரியன் ஆடியது என்றார்கள். போக வேண்டாம் என்று அங்குள்ள பேராயரே கேட்டுக்கொண்டிருந்தார், பின்னால் கண் மருத்துவர் ஒருவர் விழித்திரை பாதிப்போடு வருகிறவர்கள் கூடிவிட்டதாகச் சொன்னார். திருச்சபை ஏற்ற இடத்திலும் ஏற்காத இடத்திலும் ஒரே காட்சி தெரிகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவானதைத்தானே பார்க்க வேண்டும். பொதுவானது அண்ணாந்த கண்கள்.

திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பத்திநாதரும் (பயஸ்) 1950-ல் அக்டோபர் 30-லிருந்து நவம்பர் 8 வரை நான்கு முறை வத்திக்கான் தோட்டத்தில் சூரியன் இப்படி ஆடுவதைக் கண்டதாகத் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். ரோமாபுரியின் தெருக்களில் நடந்துபோன மற்றவர்கள் பார்க்கவில்லை. அவர் பொய் சொன்னார் என்று யாராவது சொல்வார்களா? அவர் பார்த்தார். பார்த்தது அவர் கண்ணளவில்.

இதையெல்லாம் விட நமக்குக் கிட்டத்தில், செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் கோட்டயம் மாவட்டத்தில் 2008-ல் நடந்தது. சூரியனில் மாதா உருவம் தெரிகிறது என்று ஒரு வீட்டின் முன் ஜனங்கள் கூடிச் சூரியனைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட ஐம்பது பேர் விழித்திரை வெந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். திருச்சபை ஆதரிக்கவில்லை, அதிகாரிகள் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள், அப்படியும் ஆள் வருவது உடனே நிற்கவில்லை. நான் இந்த விவாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துகொண்டிருக்கும்போது எச்சரிக்கை எதுவும் வராது. பார்வையின் நடுவில் ஒரு புள்ளி போய்விட்டது என்பது சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியும், சிலருக்குச் சில மாதத்தில் தேறும், சிலருக்குத் தேறவே தேறாது. நம்மூரில் எந்தத் திருவிழாவிலாவது யாராவது சூரியனைப் பாருங்கள் என்று கத்தினால், பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் கண்ணைப் பொத்துங்கள்.

"அப்படின்னா பாத்திமாவுல ஏன் ஒருத்தனுக்கும் கண்ணு போகல?" இது அண்ணாச்சியின் கேள்வி, நியாயமான கேள்வி. மேகத்திரை இருந்தது, நேரம் பத்து நிமிடம், நடுவில் பலர் முழந்தாளிட்டு அழுதார்கள், தலை குனிந்தார்கள் என்பது என் பதில். பாதிப்பு வந்தவர்களை எண்ணவும் அன்று யாரும் இல்லை. சேற்றில் நடந்து வந்து அதே வழியில் வீடு திரும்பிய ஒரு குடியானவப் பெண், கண்ணில் பூச்சி பறக்கிறது என்று எந்த டாக்டரிடம் போயிருப்பாள்?

1995-ஐயும் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தார், டெல்லியில் விடிவதற்குள் தொடங்கி ஒரே நாளில் தமிழ்நாடு, லண்டன் வரை. அன்றைக்கும் ஜனங்கள் பொய் சொல்லவில்லை, கரண்டியில் பால் குறைந்தது நிஜம். ஆனால் அங்கே கையில் கரண்டி இருந்தது, சோதிக்க முடிந்தது. மத்திய அரசின் விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து கொடுத்தார்கள், கல்லைத் தொட்டதும் பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து உறிஞ்சப்பட்டு, மெல்லிய படலமாகச் சிலையின் மேல் வழிந்து இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. பாத்திமாவில் அப்படி ஒரு நிறக்கலவை கிடையாது, நூறாண்டு பழைய எழுத்துகள் மட்டும்.

முன்கூட்டியே சொன்னது

அண்ணாச்சியின் கடைசிக் கோட்டை இதுதான். "சரி, கண்ணுன்னே வச்சுக்கிடுதேன். மேகம்னே வச்சுக்கிடுதேன். அந்த நாளு, அந்த நேரம், அந்த இடம்னு மூணு மாசத்துக்கு முன்னாடியே பத்து வயசுப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

ஸ்டான்லி யாக்கி என்ற துறவி இதே இடத்தில்தான் வந்து நின்றார். அவர் பெனடிக்ட் சபைக் குருவானவர், இயற்பியலும் படித்தவர். நடந்தது காற்று மண்டலத்தில் நடந்த இயற்கை நிகழ்வு, அது சரியாக அந்த நேரத்தில் நடந்ததுதான் அற்புதம் என்பது அவர் கருத்து. நம்பிக்கையுள்ள ஒருவர் நிற்க இது நேர்மையான இடம் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் நான் அங்கே நிற்க மாட்டேன். பிள்ளைகள் சொன்னது அற்புதம் நடக்கும் என்று. சூரியன் ஆடும் என்று சொல்லவில்லை. மழை நடுவில் நின்றாலும், ஒரு முடவர் நடந்தாலும், வானவில் தோன்றினாலும் அன்றைக்கு அதுவே வாக்கு நிறைவேறியதாக இருந்திருக்கும். முந்தைய மாதங்களிலேயே சூரியன் மங்கியது, ஒளி உருண்டை போனது என்றெல்லாம் பேச்சு இருந்தது, ஆகவே ஜனங்கள் வானத்தைப் பார்க்கத் தயாராகவே வந்தார்கள். லூசியாவின் குரல் அந்தப் பல்லாயிரம் கண்களையும் ஒரே இடத்துக்குத் திருப்பியது. அக்டோபர் மழை மத்தியானம் விடுவதும் மெல்லிய மேகம் மிஞ்சுவதும் அபூர்வம் இல்லை. அன்றைக்கு மேகம் விலகாமலே இருந்திருந்தால்? கதை வேறு மாதிரி போயிருக்கும், நாம் இன்று பாத்திமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இப்படி நடக்காமல் போன வாக்குகள் எத்தனை மண்ணுக்குள் போயிருக்கும் என்று அண்ணாச்சியைக் கேட்டேன். "அது கணக்குக்கு சரி" என்றார், அதற்கு மேல் சம்மதிக்கவில்லை. பிரான்சிஸ்கு 1919-லும் ஜசிந்தா 1920-லும், அந்தக் காலத்து இன்ஃப்ளூயன்சா விஷக்காய்ச்சல் கண்டு, பத்து பதினோரு வயதைத் தாண்டாமலே இறந்துபோனார்கள். அந்தப் பிள்ளைகள் யாரையும் ஏமாற்றினார்கள் என்று ஒரு வரி கூட நான் எழுத மாட்டேன்.

தூரத்துச் சாட்சிகள்

எனக்கு இன்னும் உறுத்துகிற இடம் இது. கோவா த இரியாவில் இல்லாதவர்களும் பார்த்ததாகச் சொல்கிறார்கள். சில மைல் தள்ளியிருக்கிற அல்புரித்தெல் ஊரில், பள்ளிக்கூடப் பையனாக இருந்து பிற்காலத்தில் குருவானவரான ஒருவர், ஊரே தெருவில் வந்து நின்று பார்த்தது என்கிறார். அபோன்சு லோப்பெஸ் வியெய்ரா என்ற கவிஞர் சுமார் 40 கி.மீ. தொலைவில் கடற்கரையில் தன் வீட்டிலிருந்து பார்த்தார் என்கிறார்கள். பாளையங்கோட்டையில் நடந்ததை நாங்குநேரி தாண்டி நின்றவர் பார்த்தது போல. கூட்டத்தின் உணர்ச்சி அங்கே எட்டாது. கண்ணும் மேகமும் எட்டும், அதே மழைமேகம் அங்கேயும் கலைந்திருக்கலாம். ஆனால் அவர்கள் அந்த நேரத்தில் ஏன் சூரியனை உற்றுப் பார்த்தார்கள்? தேதி நாடு முழுக்கத் தெரியும், மத்தியானம் என்பதும் தெரியும், அதனால் பார்த்திருக்கலாம். இரண்டு சாட்சியங்களுமே சம்பவத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து எழுத்துக்கு வந்தவை, அதற்குள் எல்லோருக்கும் எல்லோருடைய கதையும் தெரிந்துவிட்டது.

அண்ணாச்சி ஒருநாள் நேராகவே கேட்டார், "என்ன காட்டுனா நீ ஒத்துக்கிடுவ, அதச் சொல்லு தம்பி." சொன்னேன். 1917 அக்டோபர் 13 சாயங்காலமோ 14-ஆம் தேதியோ, லிஸ்பன் பேப்பர் வருவதற்கு முன்னால், கோவா த இரியாவிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒருவர், அங்கே என்ன நடக்கப் போகிறது என்று காத்துக்கொண்டிருக்காத ஒருவர், தன் நாட்குறிப்பிலோ கடிதத்திலோ, இன்று மத்தியானம் சூரியன் சுழன்றது, நிறம் மாறியது, இத்தனை மணிக்கு என்று எழுதி, அந்த நேரம் கூட்டத்தில் இருந்தவர்கள் சொன்ன நேரத்தோடு ஒத்துப்போனால், கண்ணும் மேகமும் போதும் என்ற என் பேச்சை நான் விட்டுவிட வேண்டியதுதான். அப்படி ஒரு காகிதத்தை இதுவரை யாரும் காட்டவில்லை.